வீட்டுக்கும் ஈபி லைனுக்கும் எவ்வளவு கேப் விடணும்?

திருவொற்றியூர், மணலி, எண்ணூர் பக்கம் மாடி எடுக்குறவங்க செப்டிக் டேங்க்ல இருந்து பார்க்கிங் வரைக்கும் எல்லாம் பேசி முடிச்சிடுவாங்க, வாசல்ல போற ஈபி லைனை மட்டும் சென்ட்ரிங் அடிக்கிற அன்னைக்குத்தான் நிமிர்ந்து பார்ப்பாங்க. ராயபுரம், தண்டையார்பேட்டைன்னா பெரும்பாலும் கேபிள் பூமிக்கடியில போயிடும், பில்லர் பாக்ஸ்தான் கண்ணுக்குத் தெரியும். இந்தப் பக்கம் தெருவுக்கு தெரு லைன் தலைக்கு மேலதான்.

இதுக்கான ரூல் மத்திய மின்சார ஆணையம் போட்டது, 2010ல வந்துச்சு, 2023ல புதுசா மாத்தி வெளியிட்டாங்க. வீடுகளுக்கு சப்ளை குடுக்குற எல்டி லைன்னா கட்டடத்துக்கு மேல 2.5 மீட்டர், பக்கவாட்டுல 1.2 மீட்டர் இருக்கணும். 11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைன்னா மேல 3.7, பக்கத்துல 1.2. 33 கேவின்னாலும் மேல அதே 3.7தான், பக்கத்துல 2 மீட்டர். அதுக்கும் மேல போனா ஒவ்வொரு 33 கேவிக்கும் 0.3 மீட்டர் கூட்டிக்கணும், பாதி வந்தாலும் முழுசாதான் கணக்கு. அனல் மின் நிலையத்துல இருந்து வர்ற டவர் லைன் 230 கேவின்னா மேல 5.5, பக்கத்துல 3.8ன்னு வரும், 110 கேவின்னா 4.6, 2.9.

இதுல நிறைய பேர் கோட்டை விடுற இடம், எங்க இருந்து அளக்குறதுங்கிறது. லைனுக்கு நேர் கீழ கட்டடத்துல எது உசரமோ அங்க இருந்துதான் கணக்கு, மொட்டை மாடி தரையில இருந்து இல்ல, கைப்பிடிச் சுவர், சின்டெக்ஸ் எல்லாம் சேரும். வயர் வெயில்லயும் லோடுலயும் தொங்கும், காத்துல ஆடும், ரொம்ப தொங்குறப்பவும் ரொம்ப ஆடுறப்பவும் இந்த இடைவெளி மிச்சம் இருக்கணும். அதனால இன்னைக்கு காலையில கண்ணால பாத்து "இருக்குப்பா நாலு மீட்டரு"ன்னு சொல்றது செல்லாது. டேப்பு, கம்பு எதையும் நீங்களா மேல நீட்டி அளக்கவே வேணாம், உங்க ஏரியா ஈபி ஏஈ (உதவிப் பொறியாளர்) ஆபிஸ்ல சொன்னா ஆள் வந்து பாப்பாங்க.

ஏற்கனவே லைன் போற இடத்துக்கு அடியில புதுசா கட்டக்கூடாது. பக்கத்துல கட்டுறதா இருந்தாலும், பழைய வீட்டுல பால்கனி இழுக்குறதா இருந்தாலும், டிராயிங்கோட முன்னாடியே ஈபிக்கு எழுதிக் குடுக்கணும். லைனை தள்ளிப்போட வழி இருந்தா எஸ்டிமேட் போடுவாங்க, காசு நாமதான் கட்டணும். கடுப்பாதான் இருக்கும், ஆனா லைன் முன்னாடி வந்து வீடு பின்னாடி வந்தா ரூல் அப்படித்தான். வீடு முதல்லயே இருந்து லைன் புதுசா வருதுன்னா இடைவெளி விட்டு இழுக்குற பொறுப்பு ஈபியோடது.

சாரமும் இந்த ரூலுக்குள்ளதான் வரும், தற்காலிகம்னு சொல்லி தப்பிக்க முடியாது. நிஜத்துல ஆபத்து கம்பி ஏத்துறப்பதான், 12 மீட்டர் கம்பியை கீழ இருந்து ஒருத்தர் தூக்கிவிட மேல ஒருத்தர் இழுக்க, அது சுத்தி வெளிப்பக்கம் போகும், கம்பியோட அந்த முனை எங்க இருக்குன்னு இழுக்குறவருக்கே தெரியாது. 11 கேவி வயர் மேல ரப்பர் உறை எதுவும் கிடையாது, நடுவுல இருக்குற காத்துதான் காப்பு, தொடாமலே கிட்ட போனாலே கரண்ட் தாவிடும். மேஸ்திரிகிட்ட சொல்லி, லைன் பக்கம் வேலை நடக்குற அன்னைக்கு ஈபில கேட்டு சப்ளை ஆஃப் பண்ணி எல்சி (லைன் கிளியர், லைனை நிறுத்தியாச்சுங்கிற அனுமதி) வாங்கின பிறகுதான் ஆரம்பிக்கணும்.

சப்ஸ்டேஷன் யார்டுக்குள்ள வேலை பாக்குற கான்ட்ராக்ட் பசங்களுக்கு கணக்கு வேற. கரண்ட் இருக்குற பாகத்துல இருந்து 11 கேவிக்கு 2.6 மீட்டர், 33க்கு 2.8, 110க்கு 3.7, 230க்கு 4.3.

பட்டறை, அபார்ட்மென்ட் பேனல் ரூமுக்கும் ஒண்ணு இருக்கு, சுவிட்ச் போர்டு முன்னாடி 1 மீட்டர் காலியா இருக்கணும். பின்னாடி திறந்த கனெக்‌ஷன் இருந்தா அந்த இடைவெளி ஒண்ணு 20 சென்டிமீட்டருக்கு கம்மியா இருக்கணும், இல்ல 75க்கு மேல இருக்கணும். ஒண்ணு ஆளே நுழைய முடியாத அளவு, இல்ல நுழைஞ்சவர் தாராளமா வெளிய வர்ற அளவு, நடுவுல இருந்தா மாட்டிக்குவார். கொரியர் பெட்டி, பழைய சைக்கிள் எல்லாம் அங்க அடுக்கி வச்சிருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க.