ஜாவா மேப்புக்கு இரட்டை அடைப்பு போடாதீர்கள், தயவுசெய்து

போன வாரம் நள்ளிரவில் சர்வர் மெமரி தீர்ந்து விழுந்தது. ஹீப் டம்பை (அந்த நேரத்து மெமரியின் நகல்) திறந்தால், வகுப்பின் (கிளாஸ்) பெயருக்குப் பின்னால் டாலர் குறியும் 1-ம் ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஆப்ஜெக்ட்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது. எழுதிய தம்பியைக் கேட்டால், "அண்ணா, மேப்புல ஆரம்ப மதிப்பு போட்டேன், அவ்வளவுதான்" என்கிறார். (மேப் என்றால் கீ, அதற்கொரு மதிப்பு என்று ஜோடி ஜோடியாக வைக்கும் பெட்டி.)

போட்ட விதம்தான் வினை. நியூ ஹாஷ்மேப் என்று எழுதி, இரண்டு நெளி அடைப்பைத் திறந்து, உள்ளே புட், புட் (ஒரு ஜோடியைச் சேர்க்கும் மெத்தட்) என்று அடுக்கியிருக்கிறார். ஜாவாவில் இப்படியொரு இலக்கணம் இருப்பதாகவே பலர் நம்புகிறார்கள். கிடையாது, ஐயா. முதல் அடைப்பு, ஹாஷ்மேப்பின் கீழே பெயரில்லாத துணை வகுப்பு ஒன்றைத் தொடங்குகிறது; டம்பில் பார்த்த டாலரும் 1-ம் அதற்கு வந்த அடையாளம்தான். இரண்டாவது அடைப்பு, அந்த வகுப்புக்குள் வரும் இனிஷியலைசர் பிளாக், அதாவது ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி. ஆக, ஒரு மேப்பை நிரப்ப ஒரு வகுப்பையே எழுதியிருக்கிறீர்கள். பத்து இடத்தில் எழுதினால் பத்து கிளாஸ் ஃபைல். நம்பிக்கை இல்லையென்றால் பில்டு ஃபோல்டரைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

ஸ்டாட்டிக் அல்லாத (ஒரு ஆப்ஜெக்டுக்குச் சொந்தமான) மெத்தடுக்குள் எழுதினால், அந்த வெளி ஆப்ஜெக்டையும் மேப் பிடித்துக்கொள்ளும். எங்கள் மேப் நேராகக் கேஷில் (மறுபடி பயன்படுத்த எடுத்துவைக்கும் இடம்) போய் உட்கார்ந்தது. நாலு ஜோடிக்காக ஒவ்வொரு முறையும் முழு ஆர்டர் ஆப்ஜெக்டும் கூடவே தங்கியது. வேண்டாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் பாவம், என்ன செய்யும்?

2017-ல் ஜாவா 9 வந்ததிலிருந்து, ஜோடிகளைக் கொடுத்தால் மாற்ற முடியாத மேப்பைத் தரும் மேப்.ஆஃப் இருக்கிறது. பத்து ஜோடிவரை அது போதும், அதற்கு மேல் மேப்.ஆஃப்என்ட்ரீஸ். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். நல் (null, 'எதுவும் இல்லை' என்ற மதிப்பு) கொடுத்தால் ஏற்காது, ஒரே கீ இரண்டு முறை வந்தால் ஓடும்போது வெடிக்கும், அப்புறம் புட் செய்தாலும் வெடிக்கும். மாற்ற வேண்டிய மேப் என்றால் மேப்.ஆஃப் தந்ததையே நியூ ஹாஷ்மேப்புக்குள் கொடுத்துவிடுங்கள். போட்ட வரிசையில் வரும் என்று டெஸ்ட் எழுதாதீர்கள்; வரிசை வேண்டுமென்றால் லிங்க்ட்ஹாஷ்மேப்.

 

இன்னும் ஜாவா 8-ல் மாட்டியிருப்பவர்கள் ஸ்டாட்டிக் பிளாக்கில் (வகுப்பு தொடங்கும்போது ஒருமுறை ஓடும் பகுதி) நாலு புட் எழுதுங்கள். நாலு வரி கூடினால் கோட் ரிவ்யூவில் நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சத்தியமாக.