தடை உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்

சமூக ஊடகப் பதிவுகள் தொடர்பான வழக்குகளை நடத்துவதால், ஒரே மாதிரியான மின்னஞ்சலைக் கட்சிக்காரர்கள் அடிக்கடி எனக்கு அனுப்பிவைக்கிறார்கள். சட்டப்படியான கோரிக்கை வந்திருக்கிறது, அதனால் உங்கள் பதிவு இந்தியாவில் தெரியாது என்று தளம் சொல்லும் இரண்டு மூன்று வரிகள். கேட்டது எந்த அலுவலகம், எந்தப் பிரிவின்படி, பதிவில் எந்த வாக்கியம் குற்றம் என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்காது. சிறு நகரம் ஒன்றில் யூடியூப் செய்திச் சேனல் நடத்துபவர் அந்த மின்னஞ்சலை அச்செடுத்து எடுத்துவந்து, "நான் பேசினதுல எது தப்புன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க சார்" என்றார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லும் கடமை அரசுக்கு இருக்கிறது.

பதிவுகளை முடக்க அரசு பயன்படுத்தும் முக்கியமான வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே இதைக் கையில் எடுக்கலாம். ஓர் அமைச்சருக்கோ அதிகாரிக்கோ பெயர் கெடுகிறது என்பது அந்தக் காரணங்களில் வராது. 2009ஆம் ஆண்டு விதிகளின்படி பல துறை அதிகாரிகள் அடங்கிய குழு ஒன்று கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். பதிவிட்டவர் அல்லது தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்லக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும். இங்கேதான் ஓட்டை. தளத்துக்கு மட்டும் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பதிவிட்டவரைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் 16ஆவது விதி வருகிறது: கோரிக்கை, புகார், நடவடிக்கை எல்லாம் ரகசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் இந்த விதியைக் காட்டியே மறுக்கிறார்கள்.

2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், புண்படுத்தும் இணையப் பதிவுகளைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை ரத்து செய்தது, 69ஏ பிரிவை மட்டும் செல்லும் என்றது. ஏன் தெரியுமா? காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம் என்ற பாதுகாப்புகள் அதில் இருக்கின்றன என்பதால். சரி, உத்தரவே கைக்கு வராதபோது எதை எதிர்த்து மனு போடுவது? இணைய முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. ஒரு மாவட்டத்தின் இணையத்தைத் துண்டிக்கும் உத்தரவை வெளியிட வேண்டும், ஒருவருடைய வீடியோவை எடுக்கும் உத்தரவை அவரிடமே காட்டக் கூடாது என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி 69ஏ பிரிவில் 2014இல் 471 முடக்கங்கள், 2020இல் 9,849. எண்ணிக்கை கிடைக்கிறது. எதை, எதற்காக என்பது கிடைப்பதில்லை.

நம் ஊர் வாசகர்களுக்கு விகடன் விவகாரம் நினைவிருக்கும். பிரதமரைக் கைவிலங்குடன் வரைந்த ஒரு கார்ட்டூனை ஒட்டி, 2025 பிப்ரவரி 15 அன்று அந்த இணையதளமே பலருக்குத் திறக்கவில்லை. முறையான அறிவிப்பு அப்போது விகடன் கைக்கு வந்திருக்கவில்லை. ஒரு படத்துக்காக மொத்தத் தளமும் போனது. மார்ச் 6 அன்று, கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தடையை நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரிய நிறுவனம், மூத்த வழக்கறிஞர்கள், மூன்று வாரத்தில் வழி பிறந்தது. தனியாளாகச் சேனல் நடத்துபவருக்கு இதில் பாதி வசதிகூடக் கிடையாது.

இன்னொரு வழி அதே சட்டத்தின் 79(3)(பி) பிரிவு. இதில் குழுவும் இல்லை, விசாரணையும் இல்லை. அதிகாரி தளத்துக்குத் தகவல் அனுப்புவார், எடுக்காவிட்டால், பிறர் போடும் பதிவுக்குத் தான் பொறுப்பல்ல என்ற சட்டப் பாதுகாப்பைத் தளம் இழக்கும். இத்தகைய தகவல்களைத் தளங்களுக்கு அனுப்ப உள்துறை அமைச்சகம் வைத்திருக்கும் சஹ்யோக் என்ற இணையப் போர்ட்டல் வழியாக மாநிலப் போலீசும் இப்படி அனுப்ப முடியும். எதிர்த்து வழக்குப் போட்ட எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. அதே ஆண்டு நவம்பர் 15 முதல், இணைச் செயலாளர் அல்லது டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் அனுப்பலாம், சட்டப்பிரிவையும் காரணத்தையும் எழுத வேண்டும் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. நல்ல திருத்தம்தான். ஆனால் அந்தக் காரணம் போவது தளத்துக்கு, உங்களுக்கு அல்ல.

ஆகவே, இப்படியொரு மின்னஞ்சல் வந்தால் பயந்துபோய்ப் பதிவை அழித்துவிடாதீர்கள். அழித்தால் எது முடக்கப்பட்டது என்பதற்கே உங்களிடம் சான்று இருக்காது. மின்னஞ்சலை அதன் ஹெடர் விவரங்களோடு (யார், எப்போது, எங்கிருந்து அனுப்பினார் என்ற பதிவு) சேமியுங்கள். பதிவின் இணைப்பு, வீடியோ கோப்பு, முடக்கம் தெரியும் திரைப்பிடிப்பு எல்லாவற்றையும் தேதியோடு எடுத்துவையுங்கள். உத்தரவு 69ஏ பிரிவிலா, 79 பிரிவிலா, அனுப்பியது யார் என்று தளத்துக்குப் பதில் எழுதிக் கேளுங்கள். சில நேரம் பிரிவின் எண்ணாவது கிடைக்கும், மனுவில் யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதற்கு அதுவே போதும். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும் நகல் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுப்பார்கள், ஆனால் கேட்டீர்கள், மறுத்தார்கள் என்பது ஆவணமாகும். அப்புறம் சென்னையிலோ, தென் மாவட்டத்துக்காரர் என்றால் மதுரைக் கிளையிலோ ரிட் மனு.

இது பலன் தராது என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். வரதட்சணையைக் கிண்டல் செய்து தனுல் தாக்கூர் என்ற பத்திரிகையாளர் நடத்திய இணையதளம், வரதட்சணையை ஊக்குவிக்கிறது என்ற புகாரின் பேரில் 2018இல் முடக்கப்பட்டது. அவருக்கு உத்தரவு தரப்படவில்லை, விசாரணையும் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். நகலை அவரிடம் கொடுங்கள், அவர் தரப்பைக் கேளுங்கள் என்று 2022 மே மாதம் நீதிமன்றம் உத்தரவிட்டது. நகல் கேட்டு நாங்கள் போடும் மனுக்களில் அந்த உத்தரவைத் தவறாமல் இணைக்கிறோம்.