கொடுக்காத முடியை ஆத்தாளே எடுத்துக்கிட்டா

இரண்டாவது கீமோவுக்கு வந்திருந்த அந்த அம்மா புடவைத் தலைப்பைத் தலையைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தார். மார்பகப் புற்றுநோய். வயது ஐம்பதைத் தாண்டியவர், திருச்சிக்கு வடக்கே ஒரு கிராமம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று டாக்டர் என்னிடம் அனுப்பியிருந்தார். முடி கொட்டிய துக்கம்தான் என்று நினைத்து, மருந்து முடிந்ததும் திரும்ப முளைக்கும் என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். தலையாட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்:

"முடி போனா போவுது மேடம். பையனுக்குக் கால் கூடினா சமயபுரத்துக்கு முடி தர்றேன்னு வேண்டியிருந்தேன். ஆறு வருசம் ஆச்சு, போகவேயில்ல. கொடுக்காத முடிய ஆத்தாளே எடுத்துக்கிட்டா."

புற்றுநோய்ப் பிரிவில் உளவியல் ஆலோசகராகப் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். (இவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) இந்தப் பேச்சு ஏதாவது ஒரு வடிவில் காதில் விழாத வாரம் கிடையாது. 'என்ன பாவம் பண்ணினேனோ', 'குலசாமிய விட்டுட்டோம்', 'ஜெபத்துல குறை வச்சிட்டேன்', 'அல்லாஹ் என்மேல கோவமா இருக்கானோ'. மருத்துவமனைப் படிவத்தில் மதம் எது என்று கேட்க ஒரு கட்டம் இருக்கிறது. அந்த நம்பிக்கை இந்த மனிதரை இப்போது தாங்குகிறதா, அரிக்கிறதா என்று கேட்க ஒரு கட்டமும் இல்லை.

இந்த வேறுபாட்டை ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழக உளவியலாளர் கென்னத் பார்கமென்ட். துன்பம் வரும்போது மனிதர் கடவுளைப் பற்றிக்கொள்ளும் விதம் இரண்டு என்கிறார். 'கூட இருக்கிறார், வழிகாட்டுவார்' என்று சாய்ந்துகொள்வது ஒன்று. 'தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார்' என்று உள்ளுக்குள் போராடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இருவருமே பக்தர்கள்தான். ஒரே சன்னிதியில் ஒரே மாதிரி கைகூப்பி நிற்பார்கள்.

வட கரோலினாவில் மருத்துவமனையில் சேர்ந்த, 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 நோயாளிகளை அவரும் சக ஆய்வாளர்களும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஆய்வு 2001-ல் வெளியானது. உடல்நிலை, மனநிலை, வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் சில எண்ணங்கள் தனித்துத் தெரிந்தன. 'கடவுள் என்னைக் கைவிட்டாரோ', 'அவருக்கு என்மேல் அன்பில்லையோ', 'இது சாத்தானின் வேலை' என்று நினைத்தவர்கள் அந்த இரண்டு ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, மற்றவர்களைவிட 19 முதல் 28 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. எண்ணமே கொன்றது என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலும் கிறிஸ்தவர்களிடம் செய்த ஆய்வு என்பதால் நம் ஊருக்கு அப்படியே பொருத்தவும் முடியாது. ஆனாலும் இதைப் படித்த பிறகு, 'எல்லாம் என் தலையெழுத்து' என்று ஒருவர் சொன்னால் அதைக் கேட்டும் கேட்காததுபோல் என்னால் தாண்டிப்போக முடியவில்லை.

நம்பிக்கை இருந்தால் சாவு பயம் இருக்காது என்று பொதுவாக எண்ணுகிறோம். 1961 முதல் 2014 வரை வெளியான சுமார் நூறு ஆய்வுகளை ஜோனதன் ஜாங்கும் சக ஆய்வாளர்களும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்டவற்றில் மதப்பற்றுக்கும் மரண பயத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. மொத்தத்தில் கிடைத்த தொடர்பும் மெல்லியதுதான். தொடர்பு நேர்கோடாக இல்லாமல் நடுவில் ஏறி இறங்குகிறதா என்று தேடிய சில ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: ஆழமாக நம்புகிறவர்களுக்கும் அறவே நம்பாதவர்களுக்கும் பயம் குறைவு, நடுவில் ஊசலாடுகிறவர்களுக்குத்தான் அதிகம். என் அறைக்கு வருகிறவர்களிலும் இரவு இரண்டு மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த நடுவில் இருப்பவர்களே.

சடங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். படித்த பிள்ளைகள் 'இதெல்லாம் எதுக்கும்மா' என்று எளிதில் ஒதுக்கிவிடுகிறார்கள். 2006-ல் இஸ்ரேலின் வடக்கே ராக்கெட்டுகள் விழுந்துகொண்டிருந்த நாட்களில் சங்கீதம் (வேதத்திலுள்ள துதிப்பாடல்கள்) ஓதிய யூதப் பெண்களை மானிடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸ் ஆராய்ந்தார். போர் நடந்த பகுதியிலேயே இருந்தவர்களுக்கு ஓதுதல் பதற்றத்தைக் குறைத்தது. ஊரைவிட்டு வெளியேறியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. அவர்களுடைய கவலைகள் வீடு, பணம், பள்ளிக்கூடம் என்று கையால் ஏதாவது செய்து தீர்க்கக்கூடியவை. நம் கையில் ஒன்றுமே இல்லாத இடத்தில்தான் சடங்கு மனதுக்குப் பிடிமானம் தருகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மூன்று நாட்கள் அப்படிப்பட்டவை.

நம்மவர்களிடமே செய்த ஆய்வும் உண்டு. மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை டிமிட்ரிஸ் சிகாலாடஸ் குழு பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அலகு குத்திக் காவடி எடுத்தவர்களுக்கு உடல்நிலை கெட்டதாகத் தெரியவில்லை. கூடுதலாக வலி தாங்கியவர்கள், தங்கள் மனநிலை கூடுதலாகத் தேறியதாகச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டுச் சிகிச்சையில் இருக்கும் யாரும் அலகு குத்தக் கிளம்பிவிடக் கூடாது. கீமோ நாட்களில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். தோலில் ஒரு துளை, மொட்டை போடும்போது ஒரு கீறல், திருவிழாக் கூட்டம், எதிலிருந்தும் கிருமி ஏறலாம். விரதம், தீமிதி, அங்கப்பிரதட்சணம் என்று வேண்டுதல் எதுவானாலும் டாக்டரிடம் தேதி கேட்டு வையுங்கள். வெட்கப்பட வேண்டாம். 'சாமி காரியம்' என்று மறைத்துச் செய்துவிட்டுக் காய்ச்சலோடு வருகிறவர்களைப் பார்க்கும்போதுதான் எங்களுக்கு மனசு பதறுகிறது.

அந்த அம்மாவுக்கு வருகிறேன். முடி மருந்தால் கொட்டியது என்பது அவருக்கே தெரியும். அதை மறுபடி விளக்கிப் பயனில்லை. "சமயபுரத்துக்கு மொதமொத எப்பம்மா போனீங்க?" என்று மட்டும் கேட்டேன். மஞ்சள் சேலை கட்டி, ஊர்ச் சனத்தோடு நடந்துபோனது, வழியில் யாரோ மோர் ஊற்றியது என்று பேச்சு நீண்டது. பிறகு அவராகவே பச்சைப்பட்டினி விரதத்துக்கு வந்தார். மாசி மாதக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி 28 நாள், பக்தர்களுக்காக மாரியம்மனே விரதம் இருப்பதாக அங்கே நம்பிக்கை. அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்.

"நமக்காகப் பட்டினி கெடக்குறவ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அந்த வாக்கியத்தை நான் முடித்துவைக்கவில்லை. தலைப்பை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் அவர் தலையை முதன்முதலாகப் பார்த்தேன்.

மூன்றாவது கீமோவுக்கு வந்தபோது, அதுவரை மறைத்திருந்த வேண்டுதலை மகனிடம் சொல்லியிருந்தார். "மொளச்சதும் போவோம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றிருக்கிறான் அவன். தூக்கம் ஓரளவு வந்தது. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் பயம் திரும்பவும் வந்தது, திரும்பவும் பேசினோம்.

வீட்டில் நோயாளி இருந்தால் நீங்களும் கேட்கலாம். 'சாமி கும்பிட்டா மனசு லேசாகுதா, இல்ல பாரமாகுதா?' இந்த ஒரு கேள்வி போதும். பாரம் என்றால் வாதாடாதீர்கள், 'அன்னைக்கே சொன்னேன், பரிகாரம் பண்ணியிருக்கணும்' என்று நீங்களும் ஒரு கல்லை ஏற்றாதீர்கள். கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவது, 'இது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான்' என்று சிகிச்சையை மறுப்பது, வாழ வேண்டாம் என்று பேசுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடமோ மனநல ஆலோசகரிடமோ சொல்லிவிடுங்கள்.

நம்பாதவர்களுக்கும் இதே மரியாதை வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கருப்புச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைசி மாதத்தில் எங்கள் வார்டில் இருந்தார். சாவைப் பற்றிப் பதறாமல் பேசுவார். உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்திருந்தார். அவர் தூங்கும்போது நெற்றியில் பூசிவிட வேண்டும் என்று தங்கை திருநீறு மடித்துக்கொண்டு வந்திருந்தார். தூங்குகிறவரிடம் வேண்டாம், விழித்ததும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்றேன். தங்கை அழுதுகொண்டே காத்திருந்தார்.

விழித்ததும் அவர் பொட்டலத்தையும் தங்கையையும் பார்த்தார். "நெத்தியில வேணாம்மா. உன் மனசுக்கு, தலகாணிக்கு அடியில வச்சிட்டுப் போ" என்றார்.