டோர்மனின் பதக்கத்தில் ஒரு சிக்கிமுக்கி எஃகு

நெதர்லாந்துக் கடற்படையின் ரியர் அட்மிரல் காரல் டோர்மன் பெற்ற வில்லியம் இராணுவ விருதின் படத்தைப் பார்த்த வாசகர் ஒருவர், வெள்ளைச் சிலுவையின் நடுவில் தெரியும் வளைந்த துண்டு நங்கூரத்தின் பகுதியா என்று கேட்டிருக்கிறார். அது சிக்கிமுக்கிக் கல்லோடு உரசித் தீப்பொறி எழுப்பும் எஃகின் வடிவம்.

டச்சு அதிகாரி ஒருவரின் பதக்கங்களுள் எளிதில் படிக்கத்தக்கது, 1844-இல் ஏற்படுத்தப்பட்ட நீண்டகாலப் பணிச் சிலுவையாகும். 15 ஆண்டுப் பணியை நிறைவு செய்தவர் அதனைப் பெறுவார். அதன் நாடாவிலுள்ள ரோமானிய எண் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும். ஆனால் அந்த எண்ணுக்கு ஆண்டுக் கணக்கு மட்டுமே தெரியும். 1889-இல் உட்ரெக்ட் நகரில் பிறந்த டோர்மன் 1910-இல் அதிகாரியானதையோ, 1915-இல் விமானம் ஓட்டக் கற்று டி கோய் கடற்படை விமானத்தளத்தை நடத்தியதையோ, 1938-இல் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) கடற்படை வான்பிரிவின் தலைமையை ஏற்றதையோ அது சொல்லாது.

அவருடைய கடைசி நாளைச் சொல்வது வில்லியம் விருது. 1942 பிப்ரவரி 27 அன்று ஜாவாக் கடலில் நேசநாட்டுக் கப்பற்படையை வழிநடத்திய அவர், டி ராய்டர் என்ற தம் கப்பல் ஜப்பானிய டார்பிடோவால் தாக்கப்பட்டபோது அதனோடு மாண்டார். அதே ஆண்டு ஜூன் மாதம் அவருக்கு மூன்றாம் வகுப்பு விருது அறிவிக்கப்பட்டது. 1947-இல், அவர் பெயரையே தாங்கிய விமானந்தாங்கிக் கப்பலில் வைத்து மூத்த மகனிடம் அது அளிக்கப்பட்டது.

1815-இல் மன்னர் முதலாம் வில்லியம் நிறுவிய இவ்விருதில், ஐரோப்பாவின் பர்கண்டிப் பகுதியை ஆண்ட கோமகன்களின் பழைய சின்னமான சிக்கிமுக்கி எஃகு இடம்பெற்றது. என்னை மிகவும் ஈர்ப்பது அந்த எஃகு வேலை செய்யும் விதம். கல்லுக்குள் தீ ஒளிந்திருப்பதாகவே நம்மில் பலர் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் எரிவது இரும்பு. கல்லின் கூரிய விளிம்பு எஃகைவிடக் கடினமானது. ஆகவே வேகமாக உரசும்போது அது எஃகிலிருந்து தூசி போன்ற துகள்களைச் சீவி எடுக்கிறது. சீவும் வேலையில் செலவாகும் ஆற்றல் வெப்பமாகித் துகளைச் சூடேற்றுகிறது. துகள் மிகச் சிறியதாக இருப்பதால் அதன் எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிகப் பெரிது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் பாய, இரும்பு துருவாவதைப் போன்ற அதே வகை வேதிவினை நொடிப்பொழுதில் நடந்து முடிகிறது. பல ஆண்டுகளில் மெல்ல வெளிப்பட்டிருக்கும் வெப்பம் மொத்தமும் அந்தக் கணத்திலேயே வெளிப்படுவதால் துகள் வெண்மஞ்சளாக ஒளிர்கிறது. எஃகில் கலந்துள்ள கார்பனும் எரிந்து வாயுவாகி உள்ளிருந்து வெடிப்பதால், சில பொறிகள் பூப்போலக் கிளை விரிக்கின்றன. ஒரு கல்லும் பழைய அரமும் போதும். எந்தப் பள்ளியிலும் இதைச் செய்து காட்டலாம். இப்படிப்பட்ட செய்முறைகளுக்கு நம் பாடவேளையில் இடமில்லாமல் போனது வருத்தத்துக்குரியது.

நான்காம் வகுப்பு விருதில் இந்தச் சின்னம் வெள்ளி. டோர்மனுக்குக் கிடைத்த மூன்றாம் வகுப்பில் தங்கம். தங்கம் மென்மையானது, ஆக்சிஜனோடு சேர மறுப்பது. அந்தத் தங்க எஃகை எந்தக் கல்லில் உரசினாலும் ஒரு பொறிகூட எழாது.