தாலி கட்டும்போது கட்டம் கட்டமாக

அக்காவின் கல்யாணம் 1994இல் நடந்தது. மூன்று மணி நேர கேசட். கேசட் ஓட்டும் டெக் வீட்டை விட்டுப் போகும் காலம் வந்ததும், 2007இல் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றி வாங்கினோம். மாப்பிள்ளை அழைப்பு, நலங்கு எல்லாம் சுமாராக ஓடியது. கெட்டிமேளம் கொட்டியதுதான் தாமதம், திரை முழுக்கச் சதுரம் சதுரமாகச் சிதறியது. அட்சதையும் தெரியவில்லை, மாப்பிள்ளையின் முகமும் தெரியவில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றும் இடம் வந்ததும் படம் தானாகச் சரியாகிவிட்டது.

டிஸ்கைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். கீறலே இல்லை. கேசட்டில் அதே காட்சி ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் இரண்டு வருஷம் கழித்து நானே உட்கார்ந்து மாற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. சிக்கல் டிஸ்கில் இல்லை, கணக்கில்.

கேசட்டிலிருந்தே வருவோம். விஎச்எஸ் நாடா அரை அங்குல அகலம். அது நகரும் வேகம் நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான், எறும்பு வேகம். அந்த வேகத்தில் ஒலியைப் பதியலாம், படத்தைப் பதிய முடியாது. அதனால் படத்தைப் பதியும் தலைகளை (ஹெட்) ஓர் உருளையில் பொருத்தி, நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலவிட்டார்கள். உருளை சாய்வாக நிற்பதால் ஒவ்வொரு சுற்றும் நாடாவில் இரண்டு சாய்ந்த கோடுகளை வரையும். ஒரு கோடு ஒரு ஃபீல்ட். அதாவது, படத்தின் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை. நம்மூர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 50 ஃபீல்ட், சேர்த்தால் 25 முழுப் படம்.

நாடா பழசானால் நீளும், சுருங்கும். வரிகள் நேரத்துக்கு வராமல் முன்பின் ஆகும். பழைய டிவி அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்ளும். கேசட் படத்தைக் கணினிக்குள் ஏற்றும் கேப்சர் கருவி பொறுக்காது, குழம்பினால் அந்தப் படத்தையே விட்டுவிடும். 25 படம் விட்டுப்போனால் ஒரு நொடி போச்சு. ஒலி மட்டும் குறையாமல் வருவதால், தாலி கட்டி முடித்த பிறகு மேளம் கொட்டும். வரிகளை நேரப்படுத்தித் தரும் டைம் பேஸ் கரெக்டர் என்ற பெட்டியை இதற்காகத்தான் நடுவில் வைப்பார்கள்.

சரி, ஒரு படமும் விடாமல் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 720க்கு 576 புள்ளி. சுருக்காமல் சேமித்தால் நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல், மணிக்கு ஏறத்தாழ 75 ஜிபி. டிவிடியில் இருக்கும் இடமோ 4.7 ஜிபி. மூன்று மணி நேரத்தை அதில் அடைக்க வேண்டுமென்றால், ஒலியையும் சேர்த்து நொடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கு மேல் செலவழிக்க முடியாது (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்). கிட்டத்தட்ட ஐம்பதில் ஒரு பங்கு.

இந்த வித்தையைச் செய்வது எம்பெக்-2 என்ற சுருக்கும் முறை. படத்தை 16க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டினால் 1,620 கட்டம் வரும். சுமார் அரை நொடிக்கு ஒருமுறை மட்டும் ஒரு படத்தை முழுசாக எழுதிவைக்கும். நடுவில் வருபவற்றுக்கு, 'இந்தக் கட்டம் போன படத்தில் இன்ன இடத்தில் இருந்தது, அதை இவ்வளவு நகர்த்திக்கொள்' என்ற குறிப்பு போதும். எஞ்சும் வித்தியாசத்தை 8க்கு 8 துண்டுகளாக்கி, கண்ணுக்கு எளிதில் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். அப்படிக் கழிக்க உதவும் கணிதத்தை 1974இல் வெளியிட்டவர்கள் நசீர் அகமது, நடராஜன், ராவ் ஆகிய மூவர். நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர். இந்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டபோது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை கொடுக்க மறுத்துவிட்டது. இன்று நாம் செல்போனில் பார்க்கும் ஜேபெக் படங்களும் அந்தக் கணிதத்தில்தான் நிற்கின்றன.

ஆக மொத்தம், அடுத்த படமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிற வண்டி இது. மணமேடையில் ஐயர் மந்திரம் சொல்லும் வரை நம்பிக்கை பலிக்கும். கெட்டிமேளம் கொட்டியதும் என்ன ஆகிறது? நானூறு கை அட்சதை தூவுகிறது. ஒவ்வொரு அரிசியும் ஒவ்வொரு பக்கம் போகிறது. எல்லோரும் எழுந்து மறைக்க, வீடியோக்காரர் கேமராவோடு முண்டியடிக்கிறார். போதாக்குறைக்கு ஃபோட்டோக்காரரின் ஃபிளாஷ்: ஒரு படம் வெள்ளை வெளேர், அடுத்தது பழையபடி. போன படத்திலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமே இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் புதிதாக எழுத வேண்டும், அதற்கு பிட் இல்லை. நுணுக்கமெல்லாம் கழிந்து, கட்டத்துக்கு ஒரு நிறம் மட்டும் மிஞ்சுகிறது. நாங்கள் பார்த்த சதுரங்கள் அவைதான்.

கடைக்காரர் மூன்று மணி நேரத்துக்கும் ஒரே அளவு பிட் ஒதுக்கியிருப்பார் என்று நினைக்கிறேன். மாதச் சம்பளத்தை முப்பதாகப் பிரித்து, தீபாவளி அன்றைக்கும் அதே தொகையைச் செலவழிப்பது போல. இதற்கு மாற்று, இரண்டு தடவை ஓட்டுவது. முதல் ஓட்டத்தில் மென்பொருள் எதையும் எழுதாது. எங்கே எவ்வளவு தேவை என்று மட்டும் குறித்துக்கொள்ளும். இரண்டாவதில் பந்தியில் மிச்சம் பிடித்துத் தாலிக்குக் கொடுக்கும்.

அது மட்டும் போதவில்லை. பழைய நாடாவின் புள்ளி இரைச்சலும் படத்துக்குப் படம் மாறும். அரிசிக்கும் இரைச்சலுக்கும் மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. இரைச்சலை நீக்கும் வடிகட்டியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஆனால் எல்லோரும் வெறுங்கையை வீசிக்கொண்டிருந்தார்கள். அட்சதையைக் காணோம்! குறைத்து வைத்தேன். படத்தின் அடியில், தலை மாறும் இடத்தில் நெளியும் 16 வரிகளைக் கறுப்பாக்கினேன். டிவியின் விளிம்புக்குள் மறைந்துவிடும் பகுதிதான், ஆனால் 45 கட்டம் மிச்சம்.

உண்மையில் கைகொடுத்தது வேறொன்று. விஎச்எஸ்ஸின் கிடைத்தெளிவு, அதாவது குறுக்குவாக்கில் பிரித்துக் காட்டும் நுணுக்கம், சுமார் 240 கோடுதான். அதை 720 புள்ளியில் எழுதுவது, அரைப்படி பாலை அண்டாவில் காய்ச்சுவது மாதிரி. 352க்கு 576 என்ற அளவையும் டிவிடி ஏற்கும். 792 கட்டம்தான், பாதிக்கும் குறைவு. கட்டத்துக்குக் கிடைக்கும் பிட் இரட்டிப்பாகிவிட்டது. கேசட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

புது டிஸ்கில் அட்சதை அரிசியாகவே விழுந்தது. ஃபிளாஷ் அடித்த இடத்தில் பாஸ் பொத்தானை அழுத்தினேன். வெளிச்சம் ஒரு ஃபீல்டில் மட்டும் விழுந்திருந்தது. இரண்டு ஃபீல்டையும் டிவி மாற்றி மாற்றிக் காட்ட, வெள்ளைக்கும் அக்காவின் குனிந்த தலைக்கும் நடுவே படம் துடித்துக்கொண்டே நின்றது.