முதல் குடத்தை யார் வைத்தது?

கடலூர் ஓ.டி.யில் (ஓல்டு டவுன்) எங்கள் தெருவுக்கு ஒரு கோடையில் 11 நாள் தண்ணீர் வரவில்லை. முதல் 10 நாளும் ஆளாளுக்குப் புலம்பினோம், லாரித் தண்ணீருக்கு ஓடினோம், வரிசையில் நமக்குள்ளேயே சண்டை கூடப் போட்டுக்கொண்டோம். தெருமுனையைத் தாண்டி யாரும் போகவில்லை. 11-ம் நாள் காலை மூன்றாவது வீட்டு அக்கா ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தைக் கொண்டுபோய் மெயின் ரோட்டின் நடுவில் வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றார். எதிர்வீட்டுப் பெரியம்மா கதவைப் பாதி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது குடம் வந்தது, மூன்றாவது வந்தது. ஆறேழு குடம் சேர்ந்ததும் பெரியம்மாவும் தன் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். அரை மணி நேரத்தில் இரண்டு பக்கமும் பஸ் நின்றுவிட்டது.

10-ம் நாளும் அதே தாகம்தான், 11-ம் நாளும் அதே தாகம்தான். அப்புறம் என்னதான் மாறியது? சமூக இயக்கங்களை ஆராய்கிறவர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். கஷ்டம் இருந்தால் போராட்டம் தானாக வெடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கஷ்டம் எங்கும் இருக்கிறது, போராட்டம்தான் அபூர்வம்.

1978-ல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதற்கு ஒரு எளிய கணக்குச் சொன்னார். எத்தனை பேர் இறங்கிய பிறகு நான் இறங்குவேன் என்று ஒவ்வொருவருக்குள்ளும் ஒரு எண் இருக்கிறது. எங்கள் அக்காவின் எண் 0, பெரியம்மாவுடையது 6 அல்லது 7. 100 பேர் இருக்கும் ஊரில் 0, 1, 2 என்று 99 வரை ஆளுக்கொரு எண் அமைந்துவிட்டால், ஒருவர் இறங்கியதும் அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று ஊரே ரோட்டுக்கு வந்துவிடும். இப்போது எண் 1 உள்ள அந்த ஒரே ஒருவரை எடுத்துவிட்டு எண் 2 உள்ளவரை அந்த இடத்தில் வையுங்கள். முதல் ஆள் இறங்குவார், அடுத்து யாரும் வரமாட்டார்கள், அவர் தனியாக நின்றுவிட்டு வீடு திரும்புவார். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மனிதர். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர் 'அந்த ஊர்க்காரர்கள் வீரர்கள், இந்த ஊர்க்காரர்கள் கோழைகள்' என்று எழுதிவிடுவார். எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் 'நம்ம ஜனங்க திருந்தமாட்டாங்க' என்ற பேச்சு எவ்வளவு அநியாயமானது என்பதை இது காட்டிவிடுகிறது. 'நமக்கெதுக்கு வம்பு' என்று வெளியே சொல்லும் பலர் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டிலும் அதே கொதிப்பு இருப்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

இதற்குக் குறுக்கே இன்னொரு கணக்கும் உண்டு. மறியலுக்குப் போகாதவர் வீட்டுக் குழாயிலும்தான் தண்ணீர் வரப்போகிறது, அப்படியிருக்க நான் ஏன் வெயிலில் நிற்க வேண்டும்? மான்கர் ஓல்சன் என்ற பொருளாதார அறிஞர் 1965-லேயே இதைக் கேட்டார். ஆள் குறைவான கூட்டத்தில் இந்தச் சிக்கல் குறைவு என்பதும் அவர் சொன்னதுதான். எங்கள் தெருவில் வராதவரை 'ஏன் வரல?' என்று மறுநாள் கேட்பார்கள், ஒரு பெரிய நகரத்தில் யார் கேட்பது?

அதனால்தான் இயக்கங்கள் ஏற்கெனவே இருக்கும் உறவுகள் மேல் ஏறி வளர்கின்றன. 1964-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய விண்ணப்பித்த தொண்டர்களை டக் மெக்காடம் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தார். கொள்கைப் பிடிப்பு வந்தவர்களுக்கும் இருந்தது, கடைசி நேரத்தில் பின்வாங்கியவர்களுக்கும் இருந்தது. ஆனால் வந்தவர்களுக்கு, கூடவே கிளம்பும் நெருங்கிய நண்பர்கள் அதிகம். நம் பக்கத்தில் கடலூர் முதுநகர் அஞ்சலையம்மாளை நினைத்துப் பாருங்கள். 1857 எழுச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை 1927-ல் சென்னையில் அகற்றக் கோரிய போராட்டத்துக்கு அவர் சின்னஞ்சிறு மகளையும் கூட்டிக்கொண்டு போனார், கணவர் முருகப்பாவும் போராட்டக்காரர்தான். அந்தச் சிலை சாலையிலிருந்து அருங்காட்சியகத்துக்குப் போக 1937 வரை ஆனது.

சரி, ஆள் சேர்ந்துவிட்டது. அடுத்தது, நடப்பது தலைவிதி இல்லை, யாரோ செய்கிற தப்பு என்று காட்ட வேண்டும். கடலூர் சிப்காட் ரசாயன ஆலைகளைச் சுற்றி ஈச்சங்காடு, குடிகாடு போன்ற ஊர்க்காரர்கள் இதைச் செய்த விதத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் சலிக்கமாட்டேன். ராத்திரியில் நாற்றம் வரும், புகார் கொடுக்கப் போவதற்குள் காற்று மாறிவிடும், ஆதாரம் இருக்காது. 2004-ல் அவர்கள் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி எடுத்தார்கள். அழுகிய முட்டை நாற்றமா, பிண நாற்றமா, நகப்பூச்சு நாற்றமா, எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கம் என்று குறித்துவைத்தார்கள். அப்புறம் ஒரு வாளி. மூடி போட்ட சாதாரண பிளாஸ்டிக் வாளிதான், உள்ளே ரசாயனம் ஒட்டாத ஒரு விசேஷப் பை. வாளிக்குள் இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சினால் வெளிக்காற்று குழாய் வழியே பைக்குள் புகுந்து பை உப்பும். அந்தப் பை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பட்டியலாகத் திரும்பி வந்தது. 'நாத்தம் தாங்கலைங்க' என்பது ரசாயனப் பெயரும் அளவுமாக மாறியதும், 'உங்களுக்கு அப்படித் தோணுது' என்று யாரும் அனுப்பிவைக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, மேலே கதவு கொஞ்சமாவது திறந்திருக்க வேண்டும். அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் மில் தொழிலாளர்கள் நீண்ட வேலை நேரத்திலும் அற்பக் கூலியிலும் வருஷக்கணக்காக வாடினார்கள். வ. சுப்பையா போன்ற தொழிலாளர் தலைவர்கள் பத்திரிகை நடத்தி, சங்கம் கட்ட முயன்று, ஆட்களைச் சேர்த்துவைத்திருந்தார்கள். 1936 ஜூனில் பிரான்சில் லியோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு வந்தது. அங்கே தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து போராடி வாரத்துக்கு 40 மணி நேர வேலையை வென்றார்கள். அடுத்த மாதமே இங்கே மில் வேலைநிறுத்தம். ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு, 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சாவைப் பாரிசில் இருந்த அரசு கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை, ஏனென்றால் அது தொழிலாளர் ஓட்டில் வந்த அரசு. 1937 ஏப்ரலில் 8 மணி நேர வேலையைப் படிப்படியாகக் கொண்டுவரும் சட்டமும் சங்க உரிமையும் வந்தன. ஜூனில் ப்ளூம் அரசு போய்விட்டது. இரண்டு மாதம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

சுட்டவர்களை எதிர்த்து ஆயுதம் எடுத்திருந்தால் சீக்கிரம் கிடைத்திருக்கும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. எரிகா செனொவெத், மரியா ஸ்டெஃபான் என்ற இரண்டு அரசியல் ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் பாதிக்குச் சற்று மேல் வென்றன, ஆயுதமெடுத்தவற்றில் கால்வாசிதான். காரணம் லேசில் புரியும்: துப்பாக்கி எல்லோராலும் தூக்க முடியாது, காலிக் குடத்தை எட்டு வயசுப் பிள்ளையும் எழுபது வயசுப் பெரியம்மாவும் தூக்கலாம்.

புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் முள்ளோடை எல்லை வந்ததும் எனக்கு அந்த மில்காரர்கள் ஞாபகம் வரும். எல்லைக்கு இந்தப் பக்கம், கடலூரில், 1934-ம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிற்சாலைச் சட்டம்தான்: நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54. அது 48 ஆனது 1946-ல்.