முதலில் சைலன்சரைத் தோண்டுங்கள்

அந்த அம்மா விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரோடுதான் உள்ளே வந்தார். கோவிட் காலத்தில் வாங்கியதாம், கைப்பையிலேயே இருக்குமாம். “எனக்கு 99, இவருக்கு 98. மூச்சுக்கு ஒண்ணுமில்லை டாக்டர், வழியில சாப்பிட்ட புளியோதரைதான் ஒத்துக்கலை” என்றார். இருவருக்கும் தலைவலி, வாந்தி. பையனைத் தட்டி எழுப்பினால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டான்.

டொராண்டோவிலிருந்து கிளம்பிய குடும்பம். ஹியூரான் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கிராமச் சாலையில் பனிப்புயலில் சிக்கி, இன்ஜினை அணைக்காமல் மூன்று மணி நேரம் காருக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். போலீசார் போய்ச் சேர்ந்தபோது பின்பக்க பம்பர் முழுக்கப் பனியில் புதைந்திருந்தது. சைலன்சர் வாய் அடைபட்டு, இன்ஜின் புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு காருக்குள் ஏறியிருக்கிறது.

மூவரும் பிழைத்துவிட்டார்கள். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் இதே காரணத்துக்காக எங்கள் எமர்ஜென்சிக்கு வந்த மூன்றாவது கார் இது. மூன்றிலும் ஒரே பேச்சு: “புகை வாசனையே வரலையே டாக்டர்.”

வராது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. “எங்களுது புது கார்” என்பதும் பதில் இல்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடேறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். குளிரில் அணைத்து அணைத்துப் போடும் இன்ஜினில் அது சூடேறவே நேரம் பிடிக்கும்.

ஆக்சிமீட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த 99ஐ நம்பித்தான் பலர் கிளம்பி வராமல் இருந்துவிடுகிறார்கள். அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் நிறத்தைத்தான் பார்க்கிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும் கருவி 99 என்று காட்டும். ரத்தம் எடுத்துத் தனியாகப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். அதனால் ஒரே காரில் இருந்த இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலியும் வாந்தியும் வந்தால், எண்ணைப் பார்க்காதீர்கள். உடனே இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து, 911ஐக் கூப்பிடுங்கள். கர்ப்பிணி இருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். வெறும் காற்றைச் சுவாசித்து இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். நாங்கள் மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம். “வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும்” என்று தயவுசெய்து போகாதீர்கள்.

சரி, சிக்கிவிட்டீர்கள். என்ன செய்வது? காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். எதிரே பத்தடி தெரியாத புயலில் பண்ணை வீட்டு விளக்கைத் தேடிப் போனவர்களில் சிலர் திரும்பி வந்ததில்லை. காரிலேயே இருங்கள், ஆனால் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே இருக்காதீர்கள். மணிக்குப் பத்து நிமிடம் போதும். ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் கீழே இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய், சைலன்சர் வாயையும் அதைச் சுற்றியும் பனியை அள்ளிவிட்டு வாருங்கள். ஒவ்வொரு முறையும். அரை மணி நேரத்தில் காற்று மறுபடி மூடிவிடும். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். கண்ணாடியை இறக்கியாயிற்று, இனி தோண்ட வேண்டாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தால் இன்ஜின் சத்தமில்லாமல் தானாகவே ஓட ஆரம்பிக்கும். நீங்களும் தோண்டத்தான் வேண்டும்.

நெடுஞ்சாலையில் சிக்கினால்தான் இதெல்லாம் என்றில்லை. 2016 ஜனவரிப் புயலின்போது நியூ ஜெர்சியின் பஸ்ஸேக் நகரில் ஒரு தகப்பன் வீதியோரம் நின்ற காரைச் சுற்றிப் பனி அள்ளிக்கொண்டிருந்தார். குளிருகிறதே என்று மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் இன்ஜின் ஓடும் காருக்குள் உட்காரவைத்திருந்தார். சைலன்சர் பனிக்குள் இருந்தது. மனைவியும் ஒரு வயது மகனும் அன்றே இறந்தார்கள், மூன்று வயது மகள் சில நாள் கழித்து. அவர் சில அடி தூரத்தில்தான் நின்றிருந்தார். பனி அள்ளும்போது பிள்ளைகளைக் காரில் உட்காரவைக்காதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அள்ளுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரப்பனி ஷவலைத் தூக்கிப் பின்னால் வீசும் 50, 60 வயது ஆண்களை ஒவ்வொரு புயலுக்கு மறுநாளும் நெஞ்சுவலியோடு பார்க்கிறோம். தூக்காதீர்கள், தள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் ஷவலைக் கீழே போடுங்கள். இன்னொன்று, பனியை அள்ளி வீசும் ஸ்னோ புளோவர் மெஷின் அடைத்துக்கொண்டால் அணைத்த பிறகும் கையை உள்ளே விடாதீர்கள். அடைப்பு நீங்கிய நொடியில் இறக்கை ஒரு சுற்று சுழலும், அது போதும் விரலுக்கு. மெஷினோடு கூடவே வரும் குச்சி அடைப்பை எடுக்கத்தான்.

இங்கே புயல் வரும் விதமும் நகரத்துக்காரர்களுக்குப் புரிவதில்லை. உறையாத ஏரி மேல் வடமேற்குக் காற்று அடித்தால், ஈரத்தை அள்ளிவந்து பனியாக ஒரு பட்டை மாதிரி கொட்டும். ஒரு ஊரில் வெயில், பத்து கிலோமீட்டர் தள்ளி ஒன்றும் தெரியாது. 2010 டிசம்பரில் இதே ஏரிக்கரையில் உள்ள சார்னியா பக்கம் 402ஆம் நெடுஞ்சாலையில் 300 பேருக்கு மேல் இப்படித்தான் சிக்கி, ராணுவ ஹெலிகாப்டர் வரவேண்டியதாயிற்று. நெடுஞ்சாலையை மூடினால் போன் மேப் உங்களைக் கிராமச் சாலைக்குத் திருப்பிவிடும். அதில் பனி அள்ளும் வண்டி எப்போது வரும் என்று மேப்புக்குத் தெரியாது. மூடியிருக்கிறதென்றால் பக்கத்து ஊரில் தங்கிவிடுங்கள். நீல விளக்கு மின்ன அந்த வண்டி முன்னால் போனால், முந்தாதீர்கள். அதற்குப் பின்னால்தான் சாலை இருக்கிறது.

அப்புறம் அந்த ஷவல். டிக்கியில் வைக்காதீர்கள், உறைந்தால் திறக்காது. பின் சீட்டுக்குக் கீழே, கையுறையோடு சேர்த்து வையுங்கள்.